இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

பெயிண்ட் கம்பெனி முதலாளி வீட்டு டிரைவரை எல்லோரும் மந்திரம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்சில் இருந்தது. அதைப் போலீஸ்காரர்கள் மட்டும் எப்போதாவது வாசித்தார்கள். மந்திரம் என்ற பெயர் வந்ததற்குக் காரணம் முதலாளியின் பழைய கார். அவருடைய அப்பா ஆசைப்பட்டு வாங்கிய கார் அது. பாலாடை நிறத்தில் உடம்பு, அரக்கு நிறத்தில் மூக்கு, இரண்டு பக்கமும் தவளைக் கண் மாதிரி விளக்குகள். சாவியைத் திருகிக் குமிழை இழுத்தால் இருமும், கனைக்கும், ஆனால் கிளம்பாது. யார் இழுத்தாலும் இதே கதைதான். அப்புறம் மந்திரம் வருவார். பானெட்டைத் திறந்து ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டுவார், ஏதோ ஒரு குழாயில் வாயை வைத்து ஊதுவார், உதட்டுக்குள் என்னவோ முணுமுணுப்பார். பிறகு உட்கார்ந்து குமிழை இழுத்தால், அதட்டிய பிள்ளை எழுந்திருப்பதுபோல வண்டி கிளம்பிவிடும்.

"நம்ம மந்திரம் கைபட்டாத்தான் இது கண்ணையே தொறக்கும்," என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

அந்த முணுமுணுப்பில் மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் எட்டுகிற இடத்தில், தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு ஸ்விட்ச் இருந்தது. அணைத்தால் என்ஜினுக்குக் கரண்ட் போகாது, போட்டால் போகும். சங்கதி அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக அவர் அதை அணைத்துவிட்டு இறங்கினார், போட்டுவிட்டுக் கிளப்பினார். நடுவில் நடந்ததெல்லாம் கூத்து.

இதை ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள், அந்த ஸ்விட்சை அவர் வைத்த வாரத்தில் அவர் வீட்டு நிலைமை என்ன என்று கேட்டுவிட்டுச் சொல்லட்டும். மகளுக்கு அப்போது மூன்று வயது, மகன் கைக்குழந்தை. முதலாளியம்மாவின் தம்பி ஒருவன், வேலை வெட்டி இல்லாதவன், அக்கா வீட்டில் வந்து காலை நீட்டினான். "வண்டி ஓட்ட நான் இருக்கும்போது தனியா ஒரு ஆள் எதுக்கு மாமா?" என்று ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டான். முதலாளிக்கும் அது நியாயமாகப் பட்டது. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். மந்திரம் எலெக்ட்ரிக் கடைக்குப் போய் ஒரு ஸ்விட்சும் கொஞ்சம் ஒயரும் வாங்கிவந்தார். கடைசி நாள் வண்டியைத் துடைத்து, சாவியை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கும்பிட்டு வந்தார்.

நான்காம் நாள் கம்பெனி வாட்ச்மேன் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தான். மச்சான்காரன் வண்டியை இழுத்துப் பார்த்து, தள்ளிப் பார்த்து, உதைத்தும் பார்த்துவிட்டான். முதலாளியே சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து இழுத்திருக்கிறார். வெளியூரிலிருந்து வந்த பெரிய வியாபாரிகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்களாம். மந்திரம் போனார். போனதும் கிளப்பினால் குட்டு உடைந்துவிடுமே என்று அங்கேயே அந்த நொடியில் யோசித்ததுதான் ஸ்பேனரும் ஊதலும் முணுமுணுப்பும். வண்டி கிளம்பியது, வேலை திரும்பி வந்தது, மச்சான்காரன் வேறு அக்கா வீடு தேடிப் போனான். ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற நாட்களில் மட்டும் ஸ்விட்சைப் போட்டே வைத்து, மெக்கானிக் பக்கத்திலேயே நின்றுகொள்வார் மந்திரம். முதலாளிக்கு ஓட்டத் தெரியும்தான். ஆனால் நடுரோட்டில் நின்றுவிட்டால் மானம் போகுமே என்று அன்றைக்குப் பிறகு அவர் அந்த ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை.

சரி, அந்த வண்டிதான் என்ன சொர்க்க ரதமா? வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான். ஓட்டுகிறவரைக் கேட்க வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்புவது கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற மாதிரி. பிரேக்கை இங்கே மிதித்தால் அது யோசித்து, அடுத்த வீட்டு வாசலில் பிடிக்கும். என்ஜின் சூடெல்லாம் பாதத்துக்கு வரும். மேடு ஏறும்போது வைப்பர் களைத்துப்போய் நின்றுவிடும், மழை நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கிளட்ச். லாரி டயருக்குக் காலால் காற்றடிப்பது மாதிரி மிதிக்க வேண்டும், சிக்னலுக்குச் சிக்னல், ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. இருபத்தேழு வருடத்தில் அந்தக் கிளட்ச் இரண்டு தடவை மாற்றப்பட்டது. மந்திரத்தின் இடது முழங்காலை யாரும் மாற்றவில்லை.

ஐம்பத்து நாலு வயதில் அந்த முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியது. டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"எலும்பும் எலும்பும் உரசுது பாருங்க. இனிமே இந்தக் காலால கிளட்ச் மிதிக்கக் கூடாது. மிதிச்சீங்கன்னா ரெண்டு வருஷத்துல கோல் ஊனிக்கிட்டுதான் பாத்ரூமுக்கே போவீங்க."

"ஆட்டோமேட்டிக் வண்டின்னா ஓட்டலாங்களா?"

"அதுக்கு இடது காலே வேணாமே. தாராளமா ஓட்டுங்க."

அந்தத் 'தாராளமா'வை மந்திரம் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஏனென்றால் முதலாளி வீட்டில் அடுத்த வாரம் ஆட்டோமேட்டிக் வண்டிதான் வருவதாக இருந்தது. அதுவும் பெரிய எஸ்யூவி.

வந்தது. கருப்பு நிறம், ஆள் உயரம், ஏறுவதற்குப் படி வைத்த வண்டி. கொண்டுவந்த ஆள் தெருவிலேயே நிறுத்திவிட்டுப் போக, "உள்ள விடு மந்திரம்," என்றார் முதலாளி. மந்திரம் ஏறி உட்கார்ந்தார். சீட் அவரை உள்வாங்கிக்கொண்டது. பட்டனை அமுக்கினார். வண்டி ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடித் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் மெத்தென்ற மிதியடி. அதன்மேல் பாதத்தை வைத்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். இருபத்தேழு வருடத்தில் முதல்தடவையாக ஒரு வண்டி அவருடைய இடது காலைப் பார்த்து, நீ சும்மா இரு என்று சொல்லியிருக்கிறது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கதவு சரியாகச் சாத்தவில்லை என்று வண்டி கத்த ஆரம்பிக்கவும்தான் நினைவு வந்து உள்ளே ஓட்டினார்.

அன்றிலிருந்து போர்ட்டிகோவில் பட்டிமன்றம்தான். வந்தவர்களெல்லாம் இரண்டு வண்டிக்கும் நடுவே நின்று காப்பி குடித்தார்கள். "என்ன இருந்தாலும் பழசுக்கு ஈடாகுமா? தகரத்தைத் தட்டிப் பாருங்க, கிண்ணுனு இருக்கு. இது வெறும் பிளாஸ்டிக்," என்றார் ஒருவர். "பழசு எவ்வளவு குடிக்கும், புதுசு எவ்வளவு குடிக்கும்?" என்று கேட்டார் இன்னொருவர். ஒருவர் போட்டோ எடுத்தார், பழைய வண்டியின் மூக்கோடு கன்னத்தை வைத்து. "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்," என்று முதலாளி முடித்துவைப்பார். பக்கத்தில் துணியோடு நின்றிருந்த மந்திரத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லியிருப்பார்.

புது வண்டிக்கென்று முதலாளி வேறு ஆள் போட்டார். டிராவல்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தவன், நாற்பது வயது, நல்ல மனுஷன், மரியாதையாக 'அண்ணே' என்பான். அது வேறு கஷ்டம். கெட்டவனாக இருந்தால் திட்டவாவது செய்யலாம். ஒரு நாள் மந்திரம் வெட்கத்தை விட்டுவிட்டு முதலாளியிடம் கேட்டார்.

"ஐயா, அந்த வண்டியை நான் ஓட்டறேன். இதை அவருகிட்ட குடுத்துருங்களேன்."

முதலாளி சிரித்தார். "அதை ஓட்ட ஆயிரம் பேரு கெடைப்பாங்க மந்திரம். இதை ஓட்ட நீ ஒருத்தன்தானே இருக்கே? அவன் இழுத்தா இது கிளம்புமா?"

கிளம்பாது. கிளம்பாமல் இருப்பதற்குத்தானே அவர் இருபத்திரண்டு வருடமாகப் பாடுபட்டார். முதலாளி பாராட்டுவதாக நினைத்து முதுகில் தட்டிவிட்டுப் போனார். கால் வலியை மந்திரம் சொல்லவில்லை. கால் போன டிரைவரை எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? கேட்டுக்கு வெளியே நொண்டி நொண்டி வருகிறவர், கேட்டுக்குள் நுழைந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பார்.

அவர் மனைவி ஒரு பர்னிச்சர் கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பவள். மெஷினை நிறுத்தாமலே பேசுவாள். இந்த ஸ்விட்ச் விஷயம் உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"ஆப்பைப் புடுங்கின குரங்கு கதைதான் உங்க கதை," என்றாள், காலுக்குத் தைலம் தேய்த்த கையைத் துடைத்துக்கொண்டே. "வேலை போயிடக் கூடாதுன்னு வெச்சீங்க. இப்ப வாலு மாட்டிக்கிச்சு."

"அப்ப நீயுந்தானடி சரின்னு சொன்னே?"

"சொன்னேன். அப்ப உங்களுக்கு ரெண்டு காலும் இருந்துச்சு." மெஷினில் போய் உட்கார்ந்தாள். ஒரு உறையை முழுதாகத் தைத்து முடித்தபிறகு திரும்பினாள். "யாருக்கும் தெரியாம அதைக் கழட்டிருங்க. யாரு இழுத்தாலும் கிளம்பட்டும். வண்டி சரியாயிடுச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் உங்களை எதுக்கு அதுல கட்டிப்போடப் போறாங்க? புதுசுல ஏறிக்கலாம்."

மந்திரத்துக்கு அது பெரிய அறிவாகப் பட்டது. இவ்வளவு நாள் இது தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டார். நாமும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த யோசனையில் பிழை ஒன்றும் இல்லை. அதைக் கேட்கிற யாரும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். மந்திரம் சீட்டைத் தூக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மடங்காத காலை வெளியே நீட்டி, மற்ற உடம்பை உள்ளே சுருட்டிக்கொண்டு, ஸ்விட்சைக் கழற்றினார். இரண்டு ஒயர் முனைகளையும் முறுக்கிச் சேர்த்துக் கருப்பு டேப் சுற்றினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இறங்கி நின்று, வெளியிலிருந்தே கையை விட்டுக் குமிழை இழுத்தார். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. ஸ்பேனர் இல்லை, ஊதல் இல்லை. அவருக்கு என்னவோ ஊரறிய வேஷத்தைக் கலைத்துவிட்டு நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. கூடவே மனசு லேசாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலை முதலாளி வெளியே வந்ததும் மந்திரம் சொன்னார்.

"ஐயா, கார்புரேட்டரைப் பிரிச்சு நல்லா சுத்தம் பண்ணிட்டேன். அதுலதான் அடைப்பு இருந்திருக்கு. இனிமே யாரு இழுத்தாலும் கிளம்பும். நீங்களே பாருங்க."

"நானா?" என்றார் முதலாளி. அறுபத்தைந்து வயது மனுஷன், நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர், பரீட்சைக்குப் போகிற பையனைப் போல வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இழுத்தார். கிளம்பியது. அணைத்தார், மறுபடி இழுத்தார். மறுபடி கிளம்பியது. ஐந்து தடவை அப்படிச் செய்து பார்த்தார். ஆறாவது தடவை, "ஏய், இங்க வந்து பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "எங்கப்பா வண்டி. நான் இழுத்துக் கிளம்புது பாரு."

அவர் தனியாகவே தெருவில் ஓட்டிக்கொண்டு போனார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் தேவையில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். போர்ட்டிகோவில் நின்றபடி மந்திரம் அதைப் பார்த்தார். ஒரு மனுஷனை அவன் அப்பாவின் வண்டியிலிருந்து இருபத்திரண்டு வருடம் தள்ளி வைத்திருந்தோமே என்று அன்றைக்குத்தான் அவருக்கு முதல்முதலாக உறைத்தது. போகட்டும், இப்போதாவது கொடுத்தோமே என்று தேற்றிக்கொண்டார். எஸ்யூவியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு, அதன் கதவைத் துணியால் ஒரு தடவை துடைத்தும் விட்டார், தன் வண்டி என்ற உரிமையில்.

முதலாளி இறங்கி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். அந்த வீட்டில் மந்திரம் உட்காரச் சொல்லப்பட்டது அன்றைக்குத்தான். மடக்க முடியாத காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

"எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா மந்திரம்? ரொம்ப நாளா உன் காலைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

மந்திரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கேட்டுக்கு அந்தப் பக்கம் நொண்டுறே, இந்தப் பக்கம் நிமிந்து நடக்கறே. மாடியில இருந்து பாத்தா ரெண்டு பக்கமும் தெரியுதுப்பா. அவளும் சொல்லிக்கிட்டே இருந்தா, அந்த மனுஷனை வீட்டுக்கு அனுப்பி ஓய்வெடுக்கச் சொல்லுங்கன்னு. எப்படி அனுப்பறது? உன்னை விட்டா இதைக் கிளப்ப ஆள் இல்லையே. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பாவம் உன்னைப் போட்டு இழுத்துக்கிட்டு இருந்தேன். இப்ப வண்டியே உன்னை விட்டுருச்சு. இந்த மாசத்தோட நின்னுக்கோ. நிம்மதியா இரு."

"ஐயா, அந்த வண்டியை நான் ஓட்டுவேனுங்க." மந்திரம் கருப்பு வண்டியைக் காட்டினார். "அதுல கிளட்ச் இல்லீங்க. இடது காலுக்கு வேலையே இல்லை. வலது கால் எனக்குக் கல்லு மாதிரி இருக்கு. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

முதலாளி அவர் தோளில் கை வைத்தார். "கால்னா ரெண்டும் கால்தானேப்பா. நாளைக்கு ரோட்டுல ஒண்ணு ஆச்சுன்னா, கால் முடியாதவன்கிட்ட வண்டியைக் குடுத்தான்னு என்னைத்தான் கேப்பாங்க. அவன் நல்லாத்தான் ஓட்டறான். அவனைப் போன்னு சொல்ல முடியுமா? இதை நான் பாத்துக்கறேன்."

மந்திரம் வாயைத் திறந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் திருடன், சொல்லாவிட்டால் நொண்டி. எந்தப் பெயரோடு வீட்டுக்குப் போவது? இருபத்தேழு வருடம் நல்லவன் என்று பேரெடுத்த வீடு. அவர் வாயை மூடிக்கொண்டார். முதலாளிமேல் கோபப்படவும் வழியில்லை, அந்த மனுஷன் நல்லது செய்ததாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வைத்த சூனியத்தைத் தானே எடுத்துக் கெட்டவரைப் பார்த்திருக்கிறீர்களா? படிக்கட்டில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"பஸ்ல போய் அவஸ்தைப்படாதே," என்றார் முதலாளி. டிராவல்ஸ்காரனைக் கூப்பிட்டு, "அண்ணனை ஏசி போட்டு வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வா," என்றார்.

ஒரு சிக்னலில் நின்றபோது டிராவல்ஸ்காரன், "அண்ணே, நான் எதுவும் கேக்கலண்ணே. சத்தியமா," என்றான். "தெரியும்பா," என்றார் மந்திரம். அவன் வலது கால் மட்டும் மிதிப்பதையும் எடுப்பதையும் பார்த்துக்கொண்டே வந்தார். இடது கால் ஓரமாக, ஒரு வேலையும் இல்லாமல், செருப்பைக் கழற்றிவிட்டு ஓய்வாக இருந்தது.

அவர்கள் தெரு குறுகல். கருப்பு வண்டி நுழைந்ததும் தெருவே நிறைந்துவிட்டது. தையல் மெஷின் சத்தம் நின்றது. அவர் மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு வாசலுக்கு ஓடி வந்தாள். கண்ணாடி கருப்பு, உள்ளே யார் என்று தெரியவில்லை. ஆனால் அது எந்த வீட்டு வண்டி என்று அவளுக்குத் தெரியாதா? முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"அக்கா, வந்து பாருங்க!" என்று எதிர்வீட்டுக்காரியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். "எங்க வீட்டுக்காரருக்குப் புது வண்டியைக் குடுத்துட்டாங்க!"

எதிர்வீட்டுக்காரி ஈரக் கையோடு வெளியே வந்தாள். இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மனைவி வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓட்டுகிறவர் பக்கம் போய் நின்றாள், அவர் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொள்ள. அந்தப் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. உள்ளே மீசை வைத்த வேறு ஒருவன் அவளைப் பார்த்துக் கும்பிட்டான். வண்டியின் மறுபக்கத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

மந்திரம் படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். நேராக நிற்க முயற்சிகூடச் செய்யவில்லை.

"ஏங்க, நீங்க ஏன் இந்தப் பக்கமா இறங்கறீங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

எதிர்வீட்டுக்காரி இன்னும் சிரித்த முகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல வண்டிடி," என்றார் மந்திரம். "வர்ற வழியெல்லாம் கால் கொஞ்சங்கூட வலிக்கல."